ஒன்றரைக்கும் ஐந்தரைக்கும் இடையில்

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்துவிட்டால் அவளுக்கொரு வீடு கட்டவேண்டும் என்ற கவலை வாப்பாவின் தலையில் ஏறிவிடும். வெளிநாடு போவதும், வயலை ஈடுவைப்பதும், காக்காமார் தங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதும் அந்த வீட்டுக்காகத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இந்த வழக்கத்தைத் தாய்வழிக் குடிமுறையோடு சேர்த்து விரிவாக எழுதியிருக்கிறார். சீதனத்தின் கொடுமை பற்றி நம்மவர்கள் கதையாகவும் கவிதையாகவும் நிறையவே எழுதியாயிற்று. அவற்றில் சொல்லப்பட்டவை உண்மை. ஆனால் அந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை என் குடும்பம் உடைந்தபோதுதான் கண்டேன். கணவனும் மனைவியும் பிரிந்தால் கிழக்கில் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர் ஆண். பெண்ணும் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். 2016இல் காதி நீதிமன்றத்தில் எங்கள் விவகாரம் முடிவுற்றபோது மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஐந்து. சாய்ந்தமருதில் எங்கள் வளவில் வரிசையாக நான்கு வீடுகள். உம்மாவுடையது, ராத்தாவுடையது, என்னுடையது, தங்கச்சியுடையது. இடையில் மதிலும் இல்லை, வேலியும் இல்லை. ஒரு வீட்டில் ஆணம் காய்ச்சினால் மற்ற மூன்று வீட்டுக்கும் கோப்பை போகும். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் எந்த வீட்டுப் படியில் ஏறினாலும் சோறு இருக்கும். இத்தனையும் இருக்க, 2018 டிசம்பரில் நான் ஏன் கொழும்பின் விலைகூடிய புறநகரொன்றில் வாடகை வீடு எடுத்தேன் என்பதை ஊரில் பலருக்கு இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியில் சொன்ன காரணம் வேலை. நான் கணக்காளர். கல்முனைக் கிளையிலிருந்து இராஜகிரியவிலுள்ள தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிள்ளைகளின் தாபரிப்புப் பணம் சில மாதம் வரும், சில மாதம் வராது என்ற நிலையில் அது சின்ன விடயமல்ல.

வெளியில் சொல்லாத காரணமும் இருந்தது. வேலியில்லாத வளவில் கேள்விகளுக்கும் வேலியில்லை. "என்ன புள்ள, இன்டைக்கு வரச் சுணங்கிட்டுது?" என்ற கேள்வியில் பாதி அன்பு, பாதி கணக்கெடுப்பு. அலுவலகக் கூட்டம் நீண்டுபோய் நான் ஆறு மணிக்கு வந்திறங்கினால், என்னைக் கொண்டுவந்து விட்ட முச்சக்கர வண்டி யாருடையது என்பது மஃரிபுக்கு முன்னர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இத்தா முடிந்த கையோடு சம்பந்தம் பேசிக்கொண்டும் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் படிப்பையோ பிள்ளைகளையோ கேட்கவில்லை. "வீடு ஆருட பேருல இரிக்கி?" என்றுதான் முதலில் கேட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாயைப் பற்றிய ஊர்க்கதைகளுக்கு நடுவில் அவள் குமராவதை நான் விரும்பவில்லை.

போகப்போகிறேன் என்றதும் உம்மா அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"சொந்த ஊட்ட உட்டுட்டு வாடகைக்கா போகப்போறாய் மகள்? அங்க ஒனக்கு ஆரு இரிக்கா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் பிறகு பார்த்த ஒவ்வொரு வீட்டையும் அந்தக் கேள்வியைக் கொண்டே அளந்தேன்.

நம் நாட்டில் அரச பாடசாலைகள் காலை ஏழரைக்குத் தொடங்கிப் பிற்பகல் ஒன்றரைக்கு விடுகின்றன. என் அலுவலகம் ஐந்து மணிக்கு முடியும். கொழும்பு வீதிகளில் நெரிபட்டு வீடு வந்து சேர ஐந்தரை ஆகும். ஒன்றரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் நான்கு மணித்தியாலங்கள். தாயோ தகப்பனோ உம்மம்மாவோ யாராவது ஒருவர் வீட்டிலிருக்கும் குடும்பத்துக்கு இப்படியொரு நேரம் இருப்பதே தெரியாது. ஊரில் எனக்கும் தெரிந்ததில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணோ ஆணோ புதிய இடமொன்றுக்குப் போகும்போது முதலில் மோதிக்கொள்வது இந்த நேரத்தோடுதான். வீட்டின் அறைகள், தண்ணீர், வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

கொழும்பில் வீடு தேடுபவர்களில் பலர் உண்மையில் தேடுவது பாடசாலையைத்தான். முதலாந்தர அனுமதிக்கு வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரத்துக்குப் புள்ளி உண்டு. வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த வருடங்களுக்கும் புள்ளி உண்டு. அதனாலேயே பெயர்பெற்ற பாடசாலைகளைச் சுற்றி வாடகை ஏறிக்கிடக்கிறது. என் பிள்ளைகள் முதலாந்தரத்தைக் கடந்துவிட்டதால் அந்த ஓட்டத்தில் நான் ஓட வேண்டியிருக்கவில்லை. பம்பலப்பிட்டிப் பக்கம் தமிழ்மொழி மூலம் இருவருக்கும் இடம் கிடைத்தது. பாடசாலை வேன் எங்கிருந்தும் வரும். ஆகவே நான் விரும்பிய புறநகரைத் தேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

தேடலின் பெரும்பகுதி 176ஆம் இலக்க பஸ்ஸில் நடந்தது. கரகம்பிட்டியவிலிருந்து தெஹிவளை, கொஹுவல, நுகேகொட, நாவல, இராஜகிரிய, பொரளை என்று சுற்றி ஹெட்டியாவத்தை வரை ஓடும் பஸ் அது. ஒரு முனையில் நம்மவர்கள் செறிந்து வாழும் ஒழுங்கைகள். நடுவில் நாடாளுமன்றத்தைச் சுற்றி 1982க்குப் பிறகு விலையேறிய கோட்டைப் பகுதியின் அயல்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் மதில்களின் உயரம் மெல்ல மெல்லக் கூடுவதைக் காணலாம்.

தெஹிவளையில் இறங்கினால் ஊரில் இறங்கியதுபோல. பாங்குச் சத்தம், நம்பி வாங்கக்கூடிய இறைச்சிக்கடை, பின்னேரம் தொப்பியோடு ஓதப்போகும் பிள்ளைகள். பக்கத்தில் வெள்ளவத்தைக்கு நடந்தால் காதில் தமிழ் விழும். சொந்தக்காரச் சாச்சி ஒருவரும் அங்கே இருந்தார். எனது நான்கு மணித்தியாலங்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே நம்பிப் போனேன். முதலில் பார்த்த வீட்டின் சொந்தக்காரர் நம்மவர், மரியாதையான மனிதர். பிள்ளைகளுக்குக் கிரீம் சோடா கொடுத்து உட்காரவைத்தார். பிறகு, "மாப்பிள எப்ப வருவார்?" என்றார். வரமாட்டார் என்று விபரம் சொன்னேன்.

"குறைய நினைக்க வாணாம் தங்கச்சி. ஆம்பளயொண்டு இல்லாத குடும்பத்துக்கு வீட்டக் குடுத்தா நாளைக்கி எனக்குத்தான் கேள்வி வரும்."

இரண்டாவது வீட்டில், காக்கா வந்து ஒப்பமிட்டால் யோசிக்கலாம் என்றார்கள். என் சம்பளச் சீட்டை நீட்டினேன். அதை அவர்கள் வாசிக்கவே இல்லை. சாச்சியோ, தன் வீட்டிலேயே வந்திருக்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் எனக்கொரு நல்ல இடம் பார்த்து முடித்துவைப்பதாக வாக்குத் தரவேண்டும் என்றார். யார் யாருக்கு வாக்குத் தருவது என்பதே எனக்கு விளங்கவில்லை. நான் ஊரிலிருந்து எதை விட்டு வந்தேனோ அது எனக்கு முன்பே தெஹிவளைக்கு வந்து குடியிருந்தது.

இராஜகிரியப் பக்கம் வேறு கதை. அங்கே யாரும் கணவரைக் கேட்கவில்லை. தொலைபேசியில் என் பெயரைச் சொன்னதும், வீடு நேற்றே போய்விட்டது என்றார்கள். இருவர் அப்படிச் சொன்னார்கள். அதிலொருவரின் விளம்பரம் அடுத்த ஞாயிறும் பத்திரிகையில் வந்தது. அந்த வருடம் பெப்ரவரியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் உணவகமும் தாக்கப்பட்டிருந்தன. மார்ச்சில் திகனயும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் எரிந்திருந்தன. முஸ்லிம் பெயரொன்றை வைத்துக்கொண்டு வீடு கேட்பதற்கு 2018 நல்ல வருடமல்ல. ஆக, நம்மவர்கள் என்னிடம் ஓர் ஆணைக் கேட்டார்கள், மற்றவர்கள் வேறொரு பெயரைக் கேட்டார்கள். இரண்டும் என்னிடம் இருக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை நாவலயில் இறங்கினேன். திறந்த பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போகும் ஓர் ஒழுங்கை. இருபுறமும் ஆளுயர மதில்கள், தானாகத் திறக்கும் கேற்றுகள், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் மாமரங்கள். பகல் பதினொரு மணிக்கு ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. ஒரு வீட்டின் மேல்மாடி வாடகைக்கிருந்தது. கீழே எழுபத்துநான்கு வயதான சிங்களப் பெண்மணி தனியே இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகிப் பல வருடம். மகன் மெல்பேர்னில், மகள் டொரொன்டோவில். அந்த ஒழுங்கையின் பெரிய வீடுகள் பலவற்றில் இப்படித்தான் ஒருவரோ இருவரோ முதியவர்கள் இருந்தார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன்.

அவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாய்? இரவில் எப்போதும் வீட்டில் இருப்பாயா? கணவரைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "ஆ" என்றார். பிறகு எழுந்துபோய், தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் எங்கேயிருக்கிறது என்று காட்டினார். அந்த வீட்டை எடுப்பதென்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

வாடகை மாதம் 45,000 ரூபா. சம்பளத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆறு மாத முற்பணம் 270,000 ரூபாவுக்கு ஒரு சோடிக் காப்பு போனது. ஊர் வீட்டை வாடகைக்குக் கொடுத்ததில் மாதாந்தம் கொஞ்சம் திரும்பி வந்தது. ஒப்பந்தம் எழுத நொத்தாரிசிடம் போனோம். என் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், அதற்குக் கீழே என் கையொப்பம். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் பதிவான என் கல்யாணத்தில் நான் எங்கும் ஒப்பமிட்டதில்லை. எனக்காக வாப்பா வலியாக ஒப்பமிட்டார். நான் எங்கே யாரோடு வாழப்போகிறேன் என்பதைப் பற்றி என் கையால் எழுதப்பட்ட முதல் ஒப்பம் அந்த நொத்தாரிசின் மேசையில்தான் விழுந்தது. பேனையைக் கொஞ்சம் அழுத்தித்தான் பிடித்திருக்க வேண்டும். அடுத்த தாளிலும் அதன் தடம் தெரிந்தது.

முதல் சில வாரங்கள் அந்த ஒழுங்கையின் மௌனத்தை நான் ஒரு விடுமுறையைப்போல் அனுபவித்தேன். ஏழு மணிக்கு வந்தாலும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என்ன உடுத்தேன், யாரோடு கதைத்தேன், ஏன் தனியே இருக்கிறேன் என்பது எவருக்கும் ஒரு பொருட்டில்லை. வசதியான இடத்தில் பணம் கொடுத்து வாங்குவது தண்ணீர், வெளிச்சம், சுத்தமான வீதி மட்டுமல்ல, கேள்வி கேட்கப்படாத வாழ்க்கையையும்தான். விவாகரத்தான ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்களே அறிவர். அதை ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கேட்காத ஒழுங்கை, கேட்க வேண்டிய நேரத்திலும் கேட்காது. நான்கு மணித்தியாலங்களுக்கு மாதம் 20,000 ரூபாவுக்கு ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தேன். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். அவருடைய பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் அவர் வரமாட்டார். வேலைக்கு வருபவர்களும் தோட்டம் துப்புரவு செய்பவர்களும் ஐந்து மணிக்குப் போய்விட்டால் அந்த ஒழுங்கையில் கால்நடையாகப் போகிறவர் யாருமில்லை. பெப்ரவரியில் ஓர் இரவு மகனுக்குக் காய்ச்சல் 103 பாகையைத் தாண்டியது. டெங்குப் பயம். ஊரில் என்றால் ஒரு குரல் கொடுத்தால் ராத்தா வந்து மகளோடு படுத்திருப்பார், மச்சான் வாகனத்தை எடுத்திருப்பார். இங்கே இரவு இரண்டு மணிக்கு மகளையும் தட்டியெழுப்பி, மூவருமாக வாடகைக் காரொன்றுக்குக் காத்து நின்றோம். டெங்கு இல்லை. விடியற்காலையில் திரும்பினோம்.

மறுநாள் வீட்டுக்கார ஆன்ட்டி மேலே ஏறிவந்தார். என்னைத் 'துவ' என்றுதான் அழைப்பார்.

"இரவு கேற் சத்தம் கேட்டது. ஏன் துவ, என்னைக் கூப்பிடவில்லை?"

"உங்களுக்கு ஏன் கரைச்சல் என்று..."

"எனக்கு இரவில் நித்திரையே வருவதில்லை. யாராவது கூப்பிட்டால் நல்லது."

இரவில் வீட்டில் இருப்பாயா என்று அவர் கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேல்மாடியில் ஒரு தனிமை, கீழ்மாடியில் ஒரு தனிமை. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் அதன்பிறகு கீழேயே தங்கத் தொடங்கினார்கள். நான் கொடுத்த காசை அவர் வாங்கவில்லை. பதிலாக அவருடைய மருந்து, வங்கி, மின்கட்டணம் எல்லாம் என் பொறுப்பாயிற்று. இரவில் அவருக்கு நெஞ்சு படபடத்தால் மேசைமணியை அடிப்பார், நான் இறங்கிவருவேன். பிள்ளைகள் அவரை 'ஆச்சி' என்றார்கள். சிங்களத்திலும் அதே சொல்தான்.

இரண்டு மாதம்தான் இப்படிப் போனது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 26ஆம் திகதி இரவு எங்கள் ஊரிலேயே துப்பாக்கிச் சூடும் குண்டுவெடிப்பும். தொலைக்காட்சியில் இரவு பகலாகச் சாய்ந்தமருது, சாய்ந்தமருது என்று என் ஊரின் பெயர். என் அடையாள அட்டையிலும் அதே பெயர். உம்மாவின் தொலைபேசி கிடைக்கும்வரை நெஞ்சு துடித்தது. உம்மா பேசியதும் வேறு பயம் பிடித்தது.

நான்காம் நாள் ஆன்ட்டி மேலே வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். படிக்கட்டின் கீழ் நான் வைத்திருந்த தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "துவ, அதற்குள் என்ன?" என்றார். நான் ஒன்றும் பேசாமல் இறங்கிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். உம்மா தந்த மருதமுனைக் கைத்தறிச் சேலைகள், பழைய சஞ்சிகைகள், தமிழ்த் தர்ஜமாவுடன் ஒரு குர்ஆன். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். "போதும், போதும்" என்றார். மெல்பேர்னிலிருந்து மகன் கேட்கச் சொன்னதாகச் சொன்னார். எங்களை எழுப்பிவிடவும் மகன் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரியவந்தது. அன்றிலிருந்து எட்டு நாட்கள் என் பிள்ளைகள் கீழே இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் பொலிஸார் வீடு வீடாக விபரம் பதிய வந்தார்கள். என் படிவத்தைப் பார்த்தவர், கணவர் எங்கே என்றார். நான் வாயெடுக்க முன் ஆன்ட்டி, "இந்த வீட்டில் ஆண்கள் இல்லை. நானும் இவளும்தான் வீட்டுக்காரர்" என்றார். ஆசிரியைக் குரல். படிவத்தை மடித்துக்கொண்டு அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அந்த ஒரு வார்த்தை, பெட்டியைத் திறந்த நாளை அழித்துவிடவில்லை. இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அவரோடு ஆறு வருடம் வாழ்ந்தேன், அவரும் அப்படித்தான் வாழ்ந்திருப்பார். தெஹிவளையில் சாச்சியின் வீட்டையும் சோதனையிட்டார்கள். ஆனால் அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டையும் சோதனையிட்டார்கள். பயத்தைப் பங்குபோட அவர்களுக்கு அயலவர் இருந்தார்கள். நாவலயில் எங்கள் பயம் முழுவதும் எங்களுக்கே சொந்தமாக இருந்தது. வசதியான புறநகரைத் தேர்பவர் வாடகையோடு சேர்த்துக் கணக்கிடவேண்டிய செலவு அது.

2020இல் ஊரடங்கு வந்தது. மார்ச் 20 முதல் வாரக்கணக்கில் கேற்றுகள் பூட்டிக்கிடந்தன. மரக்கறி லொறி வந்து ஹோர்ன் அடித்தால் மட்டும் ஒழுங்கையில் முகங்கள் தெரிந்தன. மூன்று மாதம் ஒரே வீட்டில் எங்கிருந்தார்கள் என்று தெரியாதவர்களையெல்லாம் நான் லொறியடியில்தான் முதன்முதலாகக் கண்டேன். 2022இல் எரிவாயு இல்லாமல் போனது. மார்ச் 31 அன்று பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. பக்கத்து வீடுகளில் ஜெனரேற்றர் இருந்தது, ஊற்ற டீசல் இல்லை. ஆன்ட்டியின் பின்வளவில் பல வருடமாகப் பாவிக்காத ஒரு விறகடுப்பு கிடந்தது. மாங்கொப்புகளை வெட்டிக் காயவைத்து அதில் சமைத்தோம். எங்களுக்காக அவர் அந்த அடுப்பில் இறைச்சி ஏற்றவில்லை, பலாக்காயும் பருப்பும்தான். எரிவாயு வரிசையில் நான் அரைநாள் நின்றபோது மகன் அவரோடு இருந்தான். விலைகூடிய புறநகரின் வசதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோன அந்த வருடத்தில் எங்களிடம் மிஞ்சியது கீழ்மாடியும் மேல்மாடியும் மட்டுமே.

பிள்ளைகளின் மொழி பற்றியும் சொல்லவேண்டும். ஒழுங்கையின் மற்றப் பிள்ளைகள் சர்வதேசப் பாடசாலைகளில் படித்தார்கள். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். என் பிள்ளைகள் ஆச்சியிடம் சிங்களம் கற்றார்கள். மகனின் சிங்களம் என்னுடையதைவிட நேர்த்தியானது. தமிழுக்குப் பாடசாலை இருந்தது, ஆனால் எங்கள் ஊர்ப்பேச்சு மெல்ல அவர்களைவிட்டுப் போயிற்று. விடுமுறைக்குப் போனால் உம்மம்மா சொல்வதைப் புரிந்துகொள்வார்கள், அதே பேச்சில் பதில் சொல்ல வராது. 'ஆரு இரிக்கா' என்று கேட்கத் தெரியாத பிள்ளைகளை நான் வளர்த்திருக்கிறேன். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

2024 நவம்பரில் ஆன்ட்டி காலமானார். மகன் வந்தார். வீட்டை விற்கப்போவதாகவும் ஆறு மாத அவகாசம் தருவதாகவும் மரியாதையாகச் சொன்னார். தகரப் பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுபடியும் 176இல் ஏறினேன். இம்முறை மகளும் கூட வந்தாள். அவளுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது, மகனுக்குப் பதின்மூன்று. அந்த நான்கு மணித்தியாலங்கள் இப்போது அவர்களுடைய கையில். கொஹுவலயில், பாங்குச் சத்தம் கேட்கும் தூரத்தில், ஆனால் பள்ளிவாசல் ஒழுங்கையில் அல்லாமல், ஒரு வீடு எடுத்தோம். அதைத் தேர்ந்தவள் மகள். ஒப்பந்தத்தில் நான் ஒப்பமிட்டேன். சாட்சியாக அவள் ஒப்பமிட்டாள்.

இப்போது ஊரிலிருந்து சில இளம்பெண்கள் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். கணவனை இழந்தவர்கள், பிரிந்தவர்கள், கணவன் வெளிநாட்டில் காணாமல் போனவர்கள். எந்தப் பகுதி நல்லது என்று கேட்கிறார்கள். வசதியான இடம் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. நம்மவர் பகுதிக்குத்தான் போகவேண்டும் என்றும் சொல்வதில்லை. வீட்டைச் சனிக்கிழமை பின்னேரம் பார்க்காதே, வேலைநாளில் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பார் என்கிறேன். அந்த நேரத்தில் ஒழுங்கையில் யார் நடமாடுகிறார்கள், எந்தக் கதவு திறந்திருக்கிறது, உன் பிள்ளை கேற்றுக்கு வெளியே நின்று மணியடித்தால் யாருக்குக் கேட்கும் என்று பார். வாடகை சம்பளத்தின் பாதியைத் தாண்டினால் திரும்பிவிடு. வீட்டுக்காரர் உன்னிடம் கேட்கும் கேள்விகளை எண்ணு. அவர் கேட்காமல் விட்டவற்றையும் எண்ணு.

கடைசியாக, உம்மா என்னிடம் கேட்டதையே நான் அவர்களிடம் கேட்கிறேன். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? சொந்தமாக இருக்கவேண்டியதில்லை, நம்மவராகவும் இருக்கவேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தட்டக்கூடிய ஒரு கதவை அவர்களால் சொல்ல முடிந்தால், வீட்டை எடு என்கிறேன். முடியாவிட்டால், இன்னும் இரண்டு சனிக்கிழமை பஸ்ஸில் போய்வரச் சொல்கிறேன்.